வால்வுக்கும் ஹெட்போனுக்கும் பொருத்தம் பார்த்த கதை



பத்து நாட்களாக முகநூல் பக்கம் காணவில்லையே, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று நாலைந்து பேர் போன் செய்து கேட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெட்டியின் கதைதான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளும். நடுவில் காபி குடித்துவிட்டு வரலாம். வகுப்பை விட்டு ஓடிப்போகத்தான் அனுமதி இல்லை.

1991-ல் என்னிடம் பிளஸ் டூ படித்த மாணவன் ஒருவன் சென்ற வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். இப்போது கோவையில் பம்ப் செட் தொழில். தலை பாதி நரைத்துவிட்டது. எனக்கு இன்னும் அவன் இரண்டாவது பெஞ்சுப் பையன்தான். கையில் ஒரு மரப்பெட்டி. மேலே இரண்டு கண்ணாடி வால்வுகள், ஒன்று சிறியது, ஒன்று பெரியது. பிளக்கைச் செருகினான். அரை நிமிடத்தில் இரண்டுக்குள்ளும் அகல் விளக்குத் திரி போல ஆரஞ்சு வெளிச்சம். "நானே செஞ்சது சார். ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்" என்றான்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. என் மொபைல் போனோடு வந்த இயர்போனை எடுத்து வந்து, "இதுல போட்டுக் காட்டுப்பா" என்றேன். "இது சரிப்படாது சார்" என்று தயங்கினான். நான் விடவில்லை. போட்டான். சீர்காழி கோவிந்தராஜன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. அடித்தொண்டை மட்டும் பெரிதாகி, சத்தத்தைக் கூட்டினால் கரகரவென்று உடைந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று மனதுக்குள் நினைத்தேன்.

பிறகு தன் பையிலிருந்து பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்து என் காதில் மாட்டினான். அதே பெட்டி, அதே பாட்டு. சீர்காழி அடுத்த அடியைத் தொடங்குமுன் மூச்சு இழுப்பது கேட்டது. தபலாவில் விரல் எங்கே விழுகிறது என்று தெரிந்தது. எழுபது வயதைத் தாண்டிய காது இது. கழற்றி வைக்க மனமே வரவில்லை.

"ஏம்ப்பா, எல்லாம் ஒண்ணுதானே, இவ்வளவு வித்தியாசம் எப்படி?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீங்க நடத்துனதுதான் சார். பொருத்தம்."

பெட்டியை என்னிடமே ஒரு வாரம் விட்டுவிட்டுப் போனான். மல்டிமீட்டரும் பழைய புத்தகங்களுமாக உட்கார்ந்து, அந்தப் பொருத்தம் எங்கே தொடங்கியது, எங்கே முறிந்தது, மறுபடி யார் சேர்த்து வைத்தார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். நல்ல கதை. கேளுங்கள்.

*

இந்தக் கதை காது மந்தமான இரண்டு பேரிடம் தொடங்குகிறது.

முதல் ஆள் எடிசன். சிறு வயதிலேயே காது மந்தம். அவருடைய மின்விளக்கின் கண்ணாடி உட்புறம் கறுத்துக்கொண்டே வந்தது. காரணம் தேடி, 1880-களின் தொடக்கத்தில் பல்புக்குள் இழைக்குப் பக்கத்தில் தனியாக ஓர் உலோகத் தகட்டை வைத்துப் பார்த்தார். தகட்டை நேர்மின் முனையோடு இணைத்தால், இடையில் கம்பியே இல்லாமல் வெற்றிடத்தின் வழியே கரண்ட் ஓடியது. எதிர்மின் முனையோடு இணைத்தால் ஓடவில்லை. அதைக் குறித்து வைத்தாரே தவிர, அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எலக்ட்ரான் என்ற பொருளே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை, ஜே.ஜே. தாம்சன் அதைக் காட்டியது 1897-ல்.

இரண்டாவது ஆள் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங். லண்டனில் பேராசிரியர், எடிசன் கம்பெனிக்கு அங்கே ஆலோசகராக இருந்தவர், பிற்பாடு மார்க்கோனிக்கும் ஆலோசகர். அவருக்கும் காது சரியாகக் கேட்காது. வயர்லெஸ் சமிக்ஞையைக் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது அவருக்குச் சிரமம். மீட்டர் முள்ளில் பார்க்க முடிந்தால் தேவலை. அதற்கு மாறுதிசை மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விட வேண்டும். பழைய எடிசன் பல்பு நினைவுக்கு வந்தது. 1904-ல் அதையே ஒரு வழிப் பாதையாக்கிக் காப்புரிமை வாங்கினார். தண்ணீர்க் குழாயில் ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு போல இருந்ததால் அதற்கு வால்வு என்று பெயர். ஆங்கிலேயர் வழியில் நாம் வால்வு என்கிறோம். அமெரிக்கர்களுக்கு அது ட்யூப்.

1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வளைத்த கம்பியை வைத்தார். அதுதான் கிரிட். வயலுக்குப் போகும் வாய்க்காலில் மடை இருக்கிறதல்லவா? பெரிய தண்ணீர் ஓட்டத்தை ஒரு சிறு பலகை கட்டுப்படுத்தும். கிரிட்டும் அப்படித்தான். அதில் சிறிய வோல்ட்டேஜ் ஏறி இறங்கினால் தகட்டுக்கு ஓடும் எலக்ட்ரான் கூட்டம் பெரிதாக ஏறி இறங்கும். சிறியதைப் பெரிதாக்கும் வித்தை உலகத்துக்கு வந்தது அப்போதுதான்.

ஆனால் டி ஃபாரஸ்டுக்கே அது எப்படி வேலை செய்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. பல்புக்குள் மிச்சமிருக்கும் வாயுதான் காரணம் என்று நம்பினார். அதைச் சரியாகப் புரிந்துகொண்டவன் ஒரு மாணவன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், 1912-ல் தன் வீட்டு மாடி அறையில், வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அதன் கிரிட்டுக்கே கொடுத்துப் பார்த்தான். ஹெட்போனில் ஈனக்குரலாகக் கேட்ட தூரத்து நிலையங்கள், ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாலும் கேட்கும் அளவுக்குப் பெருகின. வாயு தேவையில்லை, நல்ல வெற்றிடம்தான் வேண்டும் என்று ஆர்னால்டும் லாங்முயரும் அடுத்தடுத்து நிரூபித்தார்கள். 1915-ல் நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வால்வுகளின் துணையோடு தொலைபேசியில் பேசினார்கள்.

*

இந்தக் காலத்து ஹெட்போனைக் கவனிக்க வேண்டும். 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறையில் கையால் செய்த ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. அந்தக் கால ஹெட்போனுக்குள் தலைமுடியை விட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியிருக்கும். 2000 ஓம் என்பது சாதாரணம்.

இங்கே சின்னதாக ஒரு பாடம். வால்வு என்பது உயரமான மேல்நிலைத் தொட்டி, ஆனால் குழாய் மெல்லியது. வோல்ட்டேஜ் 100, 200 என்று உயரமாக இருக்கும். கரண்டோ சில மில்லி ஆம்பியர்தான். அதற்கு ஏற்ற ஜோடி, கொஞ்சமாகக் குடிக்கிற, எதிர்ப்பு அதிகமுள்ள பொருள். மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் மொத்த எதிர்ப்பைத்தான் இம்பீடன்ஸ் என்கிறோம். 2000 ஓம் ஹெட்போனை வால்வின் தகட்டு இணைப்பிலேயே நேராக மாட்டினார்கள். நடுவில் தரகர் யாரும் வேண்டியிருக்கவில்லை. வால்வும் ஹெட்போனும் முறைமாமன் முறைப்பெண் போல, பிறக்கும்போதே நிச்சயமானவர்கள்.

1920-களில் வானொலி பரவியபோது பலர் கடையில் வாங்கவில்லை, வீட்டிலேயே செய்தார்கள். சமையலறையில் ரொட்டி வெட்டும் பலகையை எடுத்து, அதில் ஆணி அடித்து, வால்வையும் சுருளையும் பொருத்தினார்கள். இன்றும் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் பிரெட்போர்டு என்கிறீர்களே, அந்தப் பெயர் அந்த ரொட்டிப் பலகையிலிருந்து வந்ததுதான். நம் ஊரும் சளைக்கவில்லை. 1924-லேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927-ல் நின்றது. அவர்கள் விட்டுச்சென்ற கருவியைக் கொண்டு 1930-ல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய சிலருடைய கருவிதான் ஊருக்கே பொதுவானது.

*

1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் இன்று நாம் பார்க்கிற வகையிலான ஒலிபெருக்கியை உருவாக்கினார்கள். ஒருவர் காதில் மட்டும் கேட்டது குடும்பம் முழுவதற்கும் கேட்டது. ஹெட்போன் மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

ஆனால் ஒலிபெருக்கியின் சுருளில் சுற்றுகள் குறைவு. இம்பீடன்ஸ் 4, 8, 16 ஓம் என்ற அளவுதான். வோல்ட்டேஜ் கொஞ்சம் போதும், கரண்ட் நிறைய வேண்டும். வால்வுக்கு நேர் எதிரான குணம். அதனால் நடுவில் டிரான்ஸ்பார்மர் என்ற தரகர் வந்தார். ஒரு பக்கம் வால்வுக்கு 10,000 ஓம் போலத் தோன்ற வேண்டும், மறுபக்கம் 16 ஓம் ஒலிபெருக்கி இருக்கிறது என்றால், 10,000-ஐ 16-ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஆக 25-க்கு 1 என்ற சுற்று விகிதம். "ஆட்டோ டிரைவருக்கும் இது தேவைப்படுமா சார்?" என்று ஒருவன் வகுப்பில் கேட்டான், நினைவிருக்கிறதா? கியர் மாற்றுகிறவனுக்குத்தான் இது முதலில் புரியும் என்று அன்று சொன்னேன். அதிக வேகம் குறைந்த விசையை, குறைந்த வேகம் அதிக விசையாக மாற்றுகிற கியர் பெட்டிதான் டிரான்ஸ்பார்மர்.

நல்ல தரகர் கிடைப்பது கஷ்டம். 1947 ஏப்ரல், மே மாதங்களில் பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் டி.டி.என். வில்லியம்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் ஓர் ஆம்ப்ளிஃபையரின் முழு வரைபடத்தை வெளியிட்டார். 15 வாட், பிசகு 0.1 சதவீதத்துக்கும் கீழ். அதில் பெரும்பங்கு டிரான்ஸ்பார்மரை எப்படிச் சுற்ற வேண்டும் என்ற விவரத்துக்குத்தான். பூட்டி வைக்கவில்லை; பத்திரிகையில் போட்டார். படித்தவர்கள் வீட்டில் செய்து பார்த்தார்கள். உலகமெங்கும் வில்லியம்சன் வகை என்று ஒரு குடும்பமே உருவானது. 1949-ல் அதோடு சேரும் ப்ரீ ஆம்ப்ளிஃபையரையும் அவரே வெளியிட்டார்.

ப்ரீ ஆம்ப்ளிஃபையர் எதற்கு? கிராமபோன் ஊசி கொடுப்பது சில மில்லிவோல்ட்தான். அது நேராகப் பெரிய ஆம்ப்ளிஃபையரை ஓட்டாது. போதாக்குறைக்கு இசைத்தட்டில் கீழ்ச்சுருதியைக் குறைத்தும் மேல்ச்சுருதியைக் கூட்டியும்தான் பதிவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பள்ளம் அகலமாகித் தட்டில் இடம் போதாது. ஆளுக்கொரு கணக்கில் பதிந்துகொண்டிருந்ததை 1954-ல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்து, ஊசியின் முணுமுணுப்பைப் பேச்சாக்கித் தருவது ப்ரீ ஆம்ப்ளிஃபையரின் வேலை.

இந்த இரண்டையும் ஜோடியாகவே பார்த்தார்கள். க்வாட், லீக் போன்ற ஆங்கிலக் கம்பெனிகளின் ப்ரீ ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரமே பெரிய ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு கேபிளில் வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் தொப்புள்கொடி போல. வால்வு தயாரித்த முல்லார்டு கம்பெனி தன் வரைபடங்களைப் புத்தகமாகவே போட்டது. எந்த ஆம்ப்ளிஃபையருக்கு எந்த ப்ரீ ஆம்ப்ளிஃபையர் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஹீத் கம்பெனி 1947-ல் போர்க்காலத்தில் மிச்சமான பாகங்களைக் கொண்டு ஆசிலாஸ்கோப் கிட் ஒன்றை விற்று, ஹீத்கிட் என்ற பெயரில் பெரும் தொழிலாக வளர்ந்தது. பாகங்களும் படிப்படியான விளக்கப் புத்தகமும் ஒரே பெட்டியில் வரும். 1959-ல் டைனாகோ நிறுவனத்தின் ஸ்டீரியோ 70 கிட் 99.95 டாலருக்கு வந்தது. சேனலுக்கு 35 வாட். பொறியாளர் அல்லாதவர்களும் சாப்பாட்டு மேசையில் வைத்து முடித்தார்கள்.

நம் ஊரில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்த மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்திருப்பீர்கள், வயதானவர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே சிவப்பாக எரியும். "தம்பி, கையை விட்டா தூக்கி அடிச்சிடும்" என்று அவர் விரட்டுவார். அவர் சொன்னது முழு உண்மை. அதற்குக் கீழே வருகிறேன்.

*

இழுப்பறைக்குள் போன ஹெட்போன் சும்மா இருக்கவில்லை. 1937-ல் பெர்லினில் ஓய்கன் பேயர் டி.டி. 48 என்ற டைனமிக் ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1945-ல் ஹானோவர் அருகே ஒரு கிராமத்தில் ஃபிரிட்ஸ் சென்ஹைசர் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம் முதலில் செய்து விற்றது ஹெட்போன் அல்ல, வால்வு வோல்ட்மீட்டர்! 1958-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ் இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். 1968-ல் சென்ஹைசரின் எச்.டி. 414 வந்தது. அதன் இம்பீடன்ஸ் எவ்வளவு தெரியுமா? அதே பழைய 2000 ஓம்.

ஆனால் அதற்குள் வால்வின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடாக்கும் இழை வேண்டாம், உயர்ந்த வோல்ட்டேஜ் வேண்டாம், தட்டினாலும் உடையாது. 1979-ல் சோனி வாக்மேன் வந்தது. இரண்டு பென்சில் பேட்டரி, மொத்தமே 3 வோல்ட். திறன் என்பது வோல்ட்டேஜின் வர்க்கத்தை எதிர்ப்பால் வகுத்தது. 1 வோல்ட்டை 300 ஓம் ஹெட்போனுக்குக் கொடுத்தால் சுமார் 3 மில்லிவாட். 32 ஓமுக்குக் கொடுத்தால் சுமார் 31 மில்லிவாட். சட்டைப் பையில் போடும் கருவிக்கு வோல்ட்டேஜ் இல்லை, ஆகவே ஹெட்போன் தன் இம்பீடன்ஸைக் குறைத்துக்கொண்டது. இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் காதில் இருக்கும் இயர்போன்கள் பெரும்பாலும் 16, 32 ஓம்தான். முறைமாமனும் முறைப்பெண்ணும் வேறு வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டுவிட்டார்கள்.

*

மறுபடி சேர்த்து வைத்தவர்கள் பெரிய கம்பெனிகள் அல்ல, பொழுதுபோக்குக்காரர்கள்.

இசைப்பதிவுக் கூடங்களுக்காகவும் ரசிகர்களுக்காகவும் 250, 300, 600 ஓம் ஹெட்போன்களை ஜெர்மானியக் கம்பெனிகள் தொடர்ந்து செய்துகொண்டிருந்தன. 1997-ல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600-ம் 300 ஓம். அவற்றைச் சாதாரணக் கருவியில் மாட்டினால் சத்தம் போதாது. 1990-களின் கடைசியில் சூ மோய் என்பவர் புதினா மிட்டாய் தகர டப்பாவுக்குள் அடங்கும் சிறு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரை வடிவமைத்து வரைபடத்தை எல்லோருக்கும் கொடுத்தார். அதில் வால்வு இல்லை, ஐ.சி. தான். ஆனால் ஹெட்போனுக்கென்றே ஓர் ஆம்ப்ளிஃபையரை நாமே செய்யலாம் என்ற எண்ணம் பரவ அதுவும் ஒரு காரணம். செய்து பழகியவர்கள் பழைய வால்வுகளைத் தேடிப் போனார்கள்.

டிரான்ஸ்பார்மர் என்ற தரகர் இல்லாமலே வால்வை ஒலிபெருக்கியோடு சேர்க்க 1950-களில் நியூயார்க்கில் ஜூலியஸ் ஃபட்டர்மேன் வழி காட்டியிருந்தார். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு அது மல்லுக்கட்டு. 300 ஓம் ஹெட்போனுக்கோ கச்சிதம். அதற்கு உதவிய வால்வுகள் எவை என்பதுதான் வேடிக்கை. என் மாணவன் பெட்டியில் இருந்த பெரியது 6080. அது 6ஏஎஸ்7 என்ற வால்வின் உறுதியான வடிவம். மின்வழங்கியில் வோல்ட்டேஜைச் சீராக வைப்பதற்கு உருவாக்கப்பட்டது. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதன் உள் எதிர்ப்பு சுமார் 280 ஓம்தான். சாதாரணச் சிறு வால்வான 12ஏயூ7-க்கு 7,700 ஓம், 12ஏஎக்ஸ்7-க்கு 62,500 ஓம் என்று ஒப்பிட்டால் அருமை புரியும். இதேபோல 6டிஜே8 என்பது டி.வி. பெட்டியில் சேனல் பிடிக்கும் பகுதிக்காகச் செய்தது. அதுவும் இன்று இசைக்காரர்களின் செல்லம்.

பீட் மில்லெட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 'பட்டினி மாணவன்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்து ஒரு வரைபடம் வெளியிட்டார். யாரும் சீண்டாத 19ஜே6 வால்வு இரண்டு, அவற்றுக்கு உதவ மாஸ்ஃபெட்கள், அலுவலகத் தொலைபேசியின் 48 வோல்ட் மின்வழங்கி. கையில் காசில்லாத மாணவனும் செய்யலாம் என்பது நோக்கம். எல்லோரும் செய்யக் கிளம்பினார்கள். சும்மா கிடந்த வால்வு கிடைக்காமல் போய் விலையும் ஏறியது. புதிதாக யாரும் தயாரிக்காத பொருளில் இதுதான் சங்கடம். இருப்பு கரைந்தால் கரைந்ததுதான்.

*

இப்போது என் இயர்போன் ஏன் தோற்றது என்று கணக்குப் போடலாம்.

அவன் பெட்டியின் வெளியீட்டு இம்பீடன்ஸ் சுமார் 120 ஓம். 300 ஓம் ஹெட்போனை மாட்டினால் 420-ல் 300 பங்கு, அதாவது வோல்ட்டேஜில் 71 சதவீதம் ஹெட்போனுக்குப் போகிறது. 32 ஓம் இயர்போனை மாட்டினால் 152-ல் 32 பங்கு, வெறும் 21 சதவீதம். மீதி பெட்டிக்குள்ளேயே போய்விடுகிறது. சத்தம் போதவில்லை என்று நான் குமிழைத் திருகினேன். அவ்வளவு கரண்ட் கொடுக்க வால்வால் முடியாது, அதனால் கரகரப்பு.

கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம் வேறு. ஊஞ்சலை ஆட்டிவிட்டால் நாம் நிறுத்திய பிறகும் ஆடும், கையால் பிடித்தால்தான் நிற்கும். ஹெட்போனின் சவ்வும் அப்படி. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் குறைவாக இருந்தால் அது பிடித்து நிறுத்தும் கை. ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பார்கள். 120 ஓம் பெட்டி அந்த விதிப்படி 300 ஓம் ஹெட்போனுக்கே கொஞ்சம் அதிகம்தான். அங்கே அது கீழ்ச்சுருதிக்கு லேசான கனத்தைத் தருகிறது, காதுக்கு இதமாகவே இருக்கிறது. 32 ஓமுக்கோ பிடிக்கும் கையே இல்லை.

அவன் இன்னொன்றும் சொன்னான். முதலில் 12ஏஎக்ஸ்7 வைத்து ஒரு ப்ரீ ஆம்ப்ளிஃபையர் செய்து இதோடு சேர்த்தானாம். சத்தம் செத்துப்போயிற்று. அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் சுமார் 38,500 ஓம். இந்தப் பெட்டியின் முகப்பில் 10,000 ஓம் வால்யூம் கண்ட்ரோல். கணக்குப் போடுங்கள், அதே 21 சதவீதம்! 1,00,000 ஓம் கண்ட்ரோலாக மாற்றினான். 72 சதவீதம் ஆயிற்று. அடுத்த கட்டத்தின் நுழைவு, முந்தைய கட்டத்தின் வெளியீட்டைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. முழுதாக அந்தப் பத்து மடங்கை எட்ட, ப்ரீ ஆம்ப்ளிஃபையரின் கடைசியில் கேத்தோடு ஃபாலோயர் என்ற இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறான்.

அப்புறமும் ஒரு சிக்கல். சி.டி. பிளேயரே 2 வோல்ட் கொடுக்கிறது. அதற்கு முன்னால் ப்ரீ ஆம்ப்ளிஃபையர் வைத்தால் குமிழைத் தொட்டாலே அலறும், சும்மா இருக்கும்போது உஸ் என்று இரையும். நல்ல ஜோடி என்பது இரண்டும் வல்லவர்களாக இருப்பதல்ல; ஒருவரிடம் இல்லாததை மற்றவர் தருவது. இப்போது அவன் அந்த ப்ரீ ஆம்ப்ளிஃபையரை அப்பாவின் இசைத்தட்டுகளுக்கு மட்டும் வைத்திருக்கிறான். ஊசி தரும் 5 மில்லிவோல்ட்டுக்கு அது தேவை. அங்கேதான் அதற்குப் பொருத்தம்.

*

இனி, நான் சொல்லியே ஆக வேண்டிய விஷயம்.

நம் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில், கீழ்த் தட்டில், ஒரு மரப்பெட்டி நிறைய வால்வுகள் இருந்தன. எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் காலத்தில் வாங்கியவை. சில, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்டவை. நான் கல்லூரியில் படித்தபோது ட்ரையோடு வால்வின் சிறப்பியல்பு வரைகோடு வரைந்தவன். ஆனாலும் இனி இவை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பாடத்தில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. 1991-ல் பழைய சாமான்களை எல்லாம் கண்டம் செய்து ஏலம் விட்டபோது அந்தப் பெட்டியையும் பட்டியலில் நானே எழுதினேன்.

அப்போது ஒரு பையன் வந்து, "சார், அதுல ஒண்ணே ஒண்ணு நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை குறையக் கூடாது, விதி அது. "படிக்கிற வேலையப் பாருடா" என்று அனுப்பிவிட்டேன். எனக்கு இது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அவனுக்கு மறக்கவில்லை. போன ஞாயிறு பெட்டியை வாங்க வந்தபோது மெதுவாகச் சொன்னான். "ஏலம் எடுத்தவர் கடைக்கு ரெண்டு நாள் கழிச்சுப் போனேன் சார். அடியில இருக்கிற உலோகத்துக்காக எல்லாத்தையும் உடைச்சு வெச்சிருந்தார். கண்ணாடித் தூள் மட்டும் மூலையில குமிச்சுக் கிடந்துச்சு."

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். எனக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை நாள் படித்த வரலாற்றில் வில்லியம்சன் வரைபடத்தைப் பத்திரிகையில் போட்டார், முல்லார்டு புத்தகமாகப் போட்டது, மில்லெட் காசில்லாத பையனுக்காகவே யோசித்தார். கேட்டவனுக்குக் கொடுத்தவர்களால்தான் இந்தக் கலை இன்னும் சாகாமல் இருக்கிறது. என்னிடம் கேட்டவனுக்கு நான் ஒரு வால்வைக் கொடுக்கவில்லை. பதிவேடு சரியாக இருந்தது. பையன் இருபது வருடம் கழித்து யாரிடமோ கற்றுக்கொண்டான்.

"மன்னிச்சுக்கப்பா" என்றேன். "அட போங்க சார்" என்றான். போகும்போது பெட்டியை எடுத்துப் போனான்; ஹெட்போனையும் ஒரு 12ஏயூ7 வால்வையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த மாதம் பாகங்களோடு வருகிறானாம். நான் செய்ய வேண்டுமாம், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பானாம். கை நடுங்குகிறது, சால்டரிங் அயர்ன் பிடிக்க முடியுமா தெரியவில்லை. பார்ப்போம்.

உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, பாதுகாப்பு. இதைப் படித்துவிட்டு யாரும் பழைய வால்வு ரேடியோவைத் திறந்து கை விடாதீர்கள். உள்ளே 150 முதல் 300 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தேங்கியிருக்கும், ஆளைக் கொல்லப் போதும். மீட்டர் வைத்து வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் தொடாதீர்கள். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் போகக் கூடாது. தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து வால்வு ரேடியோவோ, மைக்செட் பெட்டியோ, ஒற்றை வால்வோ கிடந்தால் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டு வரும் பையனிடமோ பெண்ணிடமோ கொடுப்பதற்குத்தான். இந்த முறை பதிவேடு எதுவும் கிடையாது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்